குதிரைமசாலில் பூச்சி எதிர்ப்பு: வித்தும் சான்றும்

பால் உற்பத்தியைப் பெருக்குவது பற்றிய ஆலோசனைகளில் கலப்பினப் பசுவுக்கும் குளிர்பதன நிலையத்துக்கும் கிடைக்கும் கவனம், அப்பசு தின்னும் பசுந்தீவனத்துக்குக் கிடைப்பதில்லை. நம் நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 4 சதவீதமே தீவனப் பயிர்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டை உலகின் முதன்மைப் பால் உற்பத்தியாளர் நிலைக்கு உயர்த்திய பின்னரும் இந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. நிலம் கூடாதபோது, இருக்கும் நிலத்தில் விளையும் தீவனத்தின் தரமும் அதனைக் காக்கும் வழியுமே கருதத்தக்கவையாகின்றன.

தீவனப் பயிர்களுள் குதிரைமசாலுக்குத் தனி இடம் உண்டு. குஜராத்தில் ரஜ்கோ என்றும், மகாராஷ்டிரத்தில் லசூண் காஸ் என்றும் வழங்கும் இப்பயிர் குதிரைக்காகப் பயிரிடப்பட்டுப் பெயர் பெற்றதாயினும், இன்று கறவை மாட்டின் உணவாகவே வாழ்கிறது. ஒருமுறை விதைத்தால் பல்லாண்டு ரகங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் நிலைத்திருக்கும். பாசன வசதியிருப்பின் 25 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். உலர்பொருளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் உள்ளது. பிண்ணாக்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைச் சிறு உற்பத்தியாளர் மிச்சப்படுத்தும் வழிகளில் இது முக்கியமானது.

இத்தகைய பயிரில் பூச்சி விழுந்தால் செய்வது என்ன? நெல்லிலோ பருத்தியிலோ மருந்து தெளிப்பதற்கும் குதிரைமசாலில் தெளிப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. நெல்லில் மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே பல வாரங்கள் கழியலாம். இடையில் உமியும் தவிடும் நீங்குகின்றன. குதிரைமசாலிலோ தழையே விளைபொருள். இன்று தெளித்த தழை சில நாட்களில் தொட்டியில் விழுகிறது. மாட்டின் கொழுப்பில் தங்கும் மருந்தாயின் பாலுடன் வெளிப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாநிலங்களில் திரட்டிய 2,205 பசும்பால், எருமைப்பால் மாதிரிகளுள் 82 சதவீதத்தில் டி.டி.டி. எச்சம் காணப்பட்டது. இந்த எச்சம் முழுவதும் தீவனப் பயிரில் தெளித்ததால் வந்ததன்று. ஆயினும் தீவனத்தில் சேர்வது பாலில் சேரும் என்பதில் ஐயமில்லை. டி.டி.டி. வேளாண் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டும், பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டும் நிலைமை திருந்தியுள்ளது. எனினும் மருந்து எதுவாயினும், தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களும் அறுப்புக்கு இடைப்பட்ட நாட்களும் ஒன்றோடொன்று மோதுவது மாறவில்லை. பத்து நாள் காத்திருக்கச் சொன்னால், அந்தப் பத்து நாளும் மாட்டுக்கு என்ன போடுவது என்பதே இரண்டு மாடு வைத்திருப்பவரின் கேள்வி.

ஆகவே பூச்சியை எதிர்க்கும் ஆற்றலை விதையிலேயே வைத்துக் கொடுப்பது இப்பயிருக்கு ஏனைய பயிர்களைவிட மிகுதியும் பொருந்துகிறது. அது இயலும் என்பதை மெய்ப்பித்த வரலாறு அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலப் பகுதியில் 1954-இல் தொடங்குகிறது.

புள்ளி அசுவினியின் வருகை

அவ்வாண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில், முதுகில் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்த, வெளிர்மஞ்சள் நிறமுள்ள சிறு அசுவினி ஒன்று குதிரைமசாலில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது பசிபிக் கடற்கரை முதல் நாட்டின் தென்கிழக்கு வரை பரவியது. சாறு உறிஞ்சுவதோடு நில்லாமல், தன் உமிழ்நீரிலுள்ள நஞ்சைச் செடிக்குள் செலுத்தும் இயல்பினது அது. இளஞ்செடிகள் மடிந்தன, வளர்ந்தவை இலை உதிர்த்தன, அசுவினியின் தேன் போன்ற கசிவில் கரும்பூசணம் படர்ந்து, அறுத்த தழையும் வீணாயிற்று.

இப்பூச்சி அமெரிக்காவுக்குப் புதிதேயன்றி அறிவியலுக்குப் புதிதன்று. இதற்குப் புள்ளியுடையது எனப் பொருள்படும் மாகுலாட்டா என்ற சிறப்புப் பெயரை 1899-இல் இட்டவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் பக்டன். அவ்விவரிப்பு கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் குறிப்புத் தொடரில் வெளியாயிற்று. தன் பழைய உலகத் தாயகத்தில் இயற்கைப் பகைவர்களிடையே அடங்கிக் கிடந்தது, அப்பகைவர்கள் இல்லாத நாட்டில் கொள்ளையாகப் பெருகியது.

முதலில் கையாளப்பட்ட வழி மருந்துதான். பல பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் மருந்துகள் பொறிவண்டுகளையும் ஒழித்தன. அசுவினி மீண்டும் எழுந்தது. கலிபோர்னியாவில் சில ஆண்டுகளுக்குள் மருந்தைத் தாங்கும் அசுவினியும் தோன்றியது. இந்த அனுபவத்திலிருந்துதான் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் 1959-இல் ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாடு என்ற கருத்தை உருவாக்கினர். பூச்சியின் எண்ணிக்கை எந்த அளவை எட்டும்போது தடுப்பு நடவடிக்கை தொடங்க வேண்டும் என்பதைப் பொருளாதாரக் கணக்கால் வரையறுக்கலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். இன்று நம் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒவ்வொருவரும் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை என்ற சொல், ஒரு தீவனப் பயிரின் துன்பத்தில் பிறந்தது என்பது பலருக்கும் நினைவில் இராது.

மற்றொரு வழியும் அதே ஆண்டுகளில் திறந்தது. நெவாடா வேளாண் ஆய்வு நிலையமும் அமெரிக்க வேளாண் துறையும் இணைந்து லஹான்டன் என்ற ரகத்தை 1954-இல் வெளியிட்டிருந்தன. அது அசுவினிக்காக உருவாக்கப்பட்டதன்று. தண்டு நூற்புழுவைத் தாங்குவதற்காக, துருக்கிஸ்தானிலிருந்து பெறப்பட்ட வித்திலிருந்து ஆலிவர் ஸ்மித் தேர்ந்தெடுத்த ஐந்து தாய்ச்செடிகளின் வழித்தோன்றல் அது. அண்டை வயல்கள் காய்ந்தபோது லஹான்டன் பசுமையாக நின்றது. இதனை நல்லூழ் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் மத்திய ஆசியாவின் வித்தைத் திரட்டி வைத்திருந்த துறைக்கே அந்த நல்லூழ் வாய்த்தது.

லஹான்டன் குளிர்ப்பகுதிக்கு உரியது. பாலைநிலத்தின் நீண்ட வெப்பப் பருவத்துக்கு, குளிர்காலத்திலும் உறங்காது வளரும் ரகம் தேவைப்பட்டது. ஆகவே ஆப்பிரிக்கன் எனப்பட்ட ரகத்தில், அசுவினியின் தாக்குதலுக்குப் பின்னும் தழைத்து நின்ற செடிகள் தேடியெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்பதைத் தாயாகக் கொண்டு மோவாபா என்ற ரகம் 1957-இல் வெளியிடப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தில் பஃபலோ ரகத்திலிருந்து கோடி என்பது 1959-இல் வந்தது. அசுவினி தோன்றிய ஐந்து ஆண்டுகளுக்குள் குளிர்ப்பகுதிக்கும் பாலைக்கும் சமவெளிக்கும் ஒவ்வொரு ரகம் கிடைத்துவிட்டது. பயிர்ப்பெருக்க வரலாற்றில் இத்துணை விரைவு அரிது.

ஒரு செடியைப்போல் மறுசெடி இல்லை

இந்த விரைவுக்கும், பின்னர் எழும் சான்றளிப்புச் சிக்கலுக்கும் காரணம் ஒன்றே: குதிரைமசாலின் இனப்பெருக்க முறை. நெல்லும் கோதுமையும் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை. ஒரு நல்ல செடியின் வித்தை எடுத்துப் பெருக்கினால் வயல் முழுவதும் அச்செடியின் சாயலே நிற்கும். குதிரைமசாலோ தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை நடைபெறும் பயிர். அதன் பூவில் மகரந்தத் தண்டு கீழிதழ்களுக்குள் இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். தேனீ வந்தமர்ந்து அப்பூட்டை விடுவித்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சேர வைத்தால் செடி நலிந்துவிடும். மேலும் பெரும்பாலான உயிர்களில் இரட்டையாக அமையும் குரோமோசோம்கள் இதில் நான்கு நான்காக, மொத்தம் 32 உள்ளன. எனவே ஒரு பண்பைத் தூய்மையாக நிலைநிறுத்துவது கடினம்.

இதனால் குதிரைமசாலில் ரகம் என்பது ஒரே அச்சில் வார்த்த செடிகளின் கூட்டமன்று. தேர்ந்தெடுத்த சில தாய்ச்செடிகளைத் தனித்த இடத்தில் தம்முள் கலக்கவிட்டுப் பெறும் கூட்டுக்கலப்பு அது. ஒவ்வொரு செடியும் சிறிதளவேனும் வேறுபடும். பூச்சி எதிர்ப்புள்ள ரகம் என்னும்போதும், எல்லாச் செடியும் எதிர்க்கும் என்பது பொருளன்று. எத்தனை சதவீதச் செடிகள் எதிர்க்கின்றன என்பதே கேள்வி. அமெரிக்காவில் வழங்கும் அளவுகோல் இதனை வெளிப்படையாகவே சொல்கிறது. எதிர்ப்புள்ள செடிகள் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது உயர் எதிர்ப்புள்ள ரகம். 31 முதல் 50 வரை எதிர்ப்புள்ளது. 15 முதல் 30 வரை மிதமானது. 6 முதல் 14 வரை குறைந்த எதிர்ப்புள்ளது. அதற்கும் கீழ் எனில் பாதிப்புக்கு உள்ளாகும் ரகம்.

பாதிச் செடிகள் எதிர்த்தாலே உயர்ந்த தரம் என்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு 20 கிலோ அளவில் நெருக்கமாக விதைக்கப்படும் பயிர் இது. முளைத்தவற்றுள் பெரும்பகுதி எவ்வாறாயினும் முதலாண்டுக்குள் நெருக்கத்தால் மடியும். பூச்சி வந்தால் எதிர்ப்பற்றவை மடிந்து, எதிர்ப்புள்ளவை அவ்விடத்தைக் கொள்கின்றன. வயல் காலியாவதில்லை. விளைச்சலைக் கணக்கிடுபவருக்கு அதுவே போதும்.

தேர்வு நடைபெறும் முறை எளியது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. தட்டுகளில் ஆயிரக்கணக்கான விதைகள் விதைக்கப்படுகின்றன. முளைத்த நாற்றுகளின்மேல் அசுவினிகள் உதிர்க்கப்படுகின்றன. இரண்டு வாரம் போல் கழிந்தபின் பெரும்பாலானவை மடிந்திருக்கும். எஞ்சியவை தொட்டிகளுக்கு மாற்றி வளர்க்கப்பட்டு, வலைக்கூண்டினுள் தேனீக்களைக் கொண்டு தம்முள் கலக்கவிடப்படுகின்றன. அவற்றின் வித்து மீண்டும் தட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்புள்ள செடிகளின் விகிதம் உயர்கிறது. ஒவ்வொரு சோதனையிலும் எதிர்ப்பு உறுதியான ஒரு ரகமும், அறவே இல்லாத ஒரு ரகமும் ஒப்பீட்டுக்காக உடன் விதைக்கப்படும். இவ்விரண்டும் எதிர்பார்த்த அளவில் நில்லாவிடின் அச்சோதனையே கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஏனெனில், அசுவினி குறைவாக விழுந்த தட்டில் எல்லா ரகமும் வீரம் காட்டும்.

இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. எல்லாப் பூச்சிக்கும் இவ்வழி ஒரே அளவில் பயன் தருவதில்லை. நம் வடமாநிலங்களில் குளிர்காலக் கடைசியில் இலையைச் சல்லடையாக்கும் கூன்வண்டின் புழுவுக்கு எதிராக அமெரிக்காவில் டீம் என்ற ரகம் 1969-இல் வந்தது. தாங்கும் ஆற்றல் ஓரளவே கிடைத்தது. அவ்வண்டை அங்கு அடக்கியதில் பெரும்பங்கு ஒட்டுண்ணிக் குளவிகளுடையது. அசுவினியிலும் வெற்றி நிலையானதன்று. மோவாபாவைத் தாக்கவல்ல அசுவினி வகைகள் சில ஆண்டுகளிலேயே தென்பட்டன. 1970-களின் நடுவில் நீல அசுவினி என்ற வேறோர் இனம் கலிபோர்னியாவுக்கு வந்தது. அதற்கெனப் புதிதாகத் தேர்வு செய்து கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் கஃப் 101 என்ற ரகத்தை உருவாக்கியது. 1977-இல் புள்ளி அசுவினி ஆஸ்திரேலியாவை அடைந்தபோது, அந்நாட்டின் குதிரைமசால் பரப்பில் பெரும்பகுதி ஹண்டர் ரிவர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தது, அது எதிர்ப்பற்றது. கஃப் 101 முதலிய அமெரிக்க ரகங்களின் வித்தை இறக்குமதி செய்தே அந்நாடு மீண்டது. பின்னரே சொந்த ரகங்களை உருவாக்கிக் கொண்டது. அயல்நாட்டு விதை மூட்டையை ஆஸ்திரேலிய உழவர் எதை நம்பி வாங்கினார்? விதையைப் பார்த்து எவரும் கண்டறிய இயலாது. மூட்டையில் இருந்த அட்டையை நம்பித்தான் வாங்கினார்.

அட்டை சொல்வதும் சொல்லாததும்

நெல் விதையைக் கையில் எடுத்துப் பார்க்கும் அனுபவசாலி, சன்னமா மோட்டாவா என்றாவது கூறிவிடுவார். குதிரைமசால் விதையில் அதுவும் இயலாது. எதிர்ப்புள்ள ரகத்தின் விதையும் சந்தை விதையும் ஒரே பழுப்பு மஞ்சள், ஒரே சிறுநீரக வடிவம், ஒரே எடை. முளைத்து, வளர்ந்து, பூச்சி வரும்வரை வேறுபாடு தெரிவதில்லை. தெரியும்போது பணமும் பருவமும் போயிருக்கும். இத்தகைய சரக்கில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே அறிவில் சமநிலை இல்லை. நல்ல சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க வாங்குபவர் தயங்குவார். விலை கிடைக்காதபோது நல்ல சரக்கு சந்தையை விட்டு விலகும். பொருளியலில் இது நன்கு அறியப்பட்ட விதி. விதைச் சான்றளிப்பின் பொருளாதாரத் தேவை இங்குதான் உள்ளது.

நம் நாட்டில் இதற்கான சட்ட அடிப்படை 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம். அகில இந்திய ஒருங்கிணைந்த தீவனப் பயிர் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ்ப் பல இடங்களில், பல பருவங்களில் சோதிக்கப்பட்ட ரகம், மத்தியக் குழுவின் பரிந்துரையின்பேரில் இச்சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி அறிவிக்கை செய்யப்படுகிறது. அறிவிக்கப்பட்ட ரகத்துக்கே சான்று பெற இயலும். அதன்பின் வித்து தலைமுறைகளாக இறங்குகிறது. பயிர்ப்பெருக்க அறிஞரின் நேரடிப் பொறுப்பில் விளையும் வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை. அதிலிருந்து பெறும் ஆதார விதைக்கு வெள்ளை. அதிலிருந்து பெறும் சான்று விதைக்கு நீலம். குதிரைமசாலுக்கு விதிக்கப்பட்ட தரத்தில் புறத்தூய்மை 98 சதவீதமும், கடின விதை உட்பட முளைப்புத்திறன் 80 சதவீதமும் இருத்தல் வேண்டும். அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் களையின் விதை கலந்திருத்தல் கடுங்குற்றமாகக் கொள்ளப்படுகிறது. ஏனெனில் அது குதிரைமசால் விதையின் அளவையே ஒத்திருந்து, ஒருமுறை வயலில் புகுந்தால் பயிரையே போர்த்து அழித்துவிடும்.

இந்தப் பட்டியலை மீண்டும் நோக்கினால் ஒன்று புலனாகும். தூய்மை சோதிக்கப்படுகிறது, முளைப்பு சோதிக்கப்படுகிறது, களை எண்ணப்படுகிறது. பூச்சி எதிர்ப்பு சோதிக்கப்படுவதில்லை. நீல அட்டை ஒட்டிய ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் விதை எடுத்து அசுவினி உதிர்த்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அட்டை சான்றளிப்பது வம்சாவளியை மட்டுமே: இந்த வித்து இன்ன வயலில், இன்ன ஆதார விதையிலிருந்து, இன்ன ரகமாக விளைந்தது என்பதை. ரகத்தின் தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது மெய்யானால், சங்கிலி அறாதிருந்தால், மூட்டையிலும் அது இருக்கும் என்பதே நம்பிக்கை. அட்டையின் மதிப்பு இவ்விரு நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

முதல் நிபந்தனையைப் பொறுத்தவரை அமெரிக்க நடைமுறையில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அங்கு குதிரைமசால் ரகங்களுக்கென ஒரு தேசியப் பரிசீலனைக் குழு உள்ளது. பயிர்ப்பெருக்க அறிஞர் தம் ரகம் எந்தெந்தப் பூச்சியை, நோயை எதிர்க்கிறது என்று உரிமை கொண்டாடினாலும், முன்னர்க் கூறிய ஒப்பீட்டு ரகங்களுடன் நடத்திய சோதனையின் எண்களை அக்குழுவின் முன் வைத்தாக வேண்டும். இங்கோ ஆனந்த் 2, ஆர்.எல். 88, கோ 1 எனப் பயன்மிக்க ரகங்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்துள்ளன. பசுந்தழை மகசூல் அவற்றுக்கு எண்களில் தரப்படுகிறது. பூச்சியைப் பற்றிய செய்தி மட்டும் பெரும்பாலும் தாங்கும் திறனுடையது என்ற ஒரு சொற்றொடரில் முடிந்துவிடுகிறது. எந்தப் பூச்சி, எத்தனை சதவீதச் செடி என்பது சொல்லப்படாதவரை அச்சொற்றொடரை எவரும் மறுக்கவும் இயலாது, நம்பவும் இயலாது.

சங்கிலி எங்கே அறுகிறது

இரண்டாம் நிபந்தனை நிலத்தோடும் பணத்தோடும் தொடர்புடையது. கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு லட்சம் ஹெக்டேரில் ஹெக்டேருக்கு 20 கிலோ வீதம் சான்று விதை விதைப்பதாயின் 20 லட்சம் கிலோ தேவை. விதைப் பயிரில் ஹெக்டேருக்கு 200 கிலோ கிடைப்பதாகவும், விதைப் பயிரை இடைவெளி விட்டு ஹெக்டேருக்கு 5 கிலோ வீதம் விதைப்பதாகவும் வைத்துக்கொண்டால், சான்று விதை வயல் 10,000 ஹெக்டேர் வேண்டும். அதற்கான ஆதார விதை 50,000 கிலோ. அதன் வயல் 250 ஹெக்டேர். அதற்கான வல்லுநர் விதை 1,250 கிலோ. அதன் வயல் ஆறேகால் ஹெக்டேர். ஆய்வு நிலையங்களின் எல்லைக்குள் அடங்கிவிடும் பரப்பு அது. தட்டுப்பாடு ஆராய்ச்சியில் என்று சொல்லும் வழக்கம் இக்கணக்கின் முன் நிற்பதில்லை. இடர்ப்பாடு கடைசிப் படியில், 10,000 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் சிறு வயல்களில் உள்ளது. அவை ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர் பூப்பதற்கு முன்னும் பூக்கும் பருவத்திலும் செல்ல வேண்டும்.

பயிர் விலகு தூரம் இதனினும் கடுமையானது. ஆதார விதைக்கு 400 மீட்டர், சான்று விதைக்கு 100 மீட்டர் சுற்றளவில் வேறு குதிரைமசால் இருத்தலாகாது. நூறு மீட்டர் சதுரமான ஒரு ஹெக்டேர் வயலைச் சுற்றி 100 மீட்டர் விடுவதென்றால் ஏறத்தாழ 7 ஹெக்டேர். 400 மீட்டர் என்றால் 66 ஹெக்டேர். ஆனந்த் வட்டாரம் போன்ற, வீட்டுக்கு வீடு கறவை மாடும் அதற்கென ஒரு துண்டு ரஜ்கோவும் உள்ள ஊர்களில் இத்தகைய வெற்று வளையம் கிடைப்பது எளிதன்று. தீவனம் மிகுதியாக விளையும் இடத்திலேயே அதன் விதை விளைவிப்பது அரிதாவது இப்பயிரின் முரண். எனினும் உயிரியல் நோக்கில் தீங்கு செய்வது அண்டை வயலன்று, அண்டை வயலின் பூ. தீவனத்துக்காக வளர்ப்பவர் அனைவரும் பூ விரியுமுன் அறுத்துவிட்டால் மகரந்தம் வருவதற்கில்லை. இத்தகைய உடன்பாட்டைத் தனி உழவர் தம் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறுவது கடினம். நாள்தோறும் அனைவரிடமும் பால் வாங்கும் கிராமக் கூட்டுறவுச் சங்கம் கேட்கலாம். விதை கிராமம் என்ற ஏற்பாடு தானியங்களைவிடத் தீவனத்துக்கே மிகவும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

உழவர் தாமே விதை எடுத்து வைத்துக்கொள்வது பற்றியும் ஒரு சொல். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அவருக்கு விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிர்ந்துகொள்ளவும் உரிமை அளித்துள்ளது. அது காக்கப்பட வேண்டியதே. ஆனால் கோதுமையில் பல ஆண்டுகள் பழுதின்றி நடக்கும் இவ்வழக்கம், குதிரைமசாலில் ஒவ்வொரு தலைமுறையிலும் ரகத்தைக் கரைக்கிறது. அண்டை வயலின் மகரந்தம் ஒருபுறம். எந்தச் செடி மிகுதியாக விதை தருகிறதோ அதன் சந்ததியே பெருகுவது மறுபுறம். விதை மிகுதியாகத் தரும் செடி பூச்சியை எதிர்க்கும் செடியாக இருக்க வேண்டுமென்பதில்லை. தட்பவெப்பம் வேறுபட்ட பகுதியில் விதை எடுத்தால் ரகத்தின் இயல்பே சாய்ந்துவிடுவதை அமெரிக்கர் கலிபோர்னியாவில் வடபகுதி ரகங்களுக்கு விதை பெருக்கியபோது கண்டனர். ஆகவே தலைமுறைகளுக்கும் விதை வயலின் வயதுக்கும் வரம்பு விதித்தனர்.

எஞ்சுவது விதை விளைவிப்பவரின் வரவு செலவு. பசுந்தழைக்காகப் பயிரிட்டவர் விதைக்கு விடுவதாயின், கோடையின் தொடக்கத்தில் அறுப்பை நிறுத்த வேண்டும். அதாவது தழைக்கு விலை ஏறும் காலத்தில் இரண்டு, மூன்று அறுப்புகளை இழக்க வேண்டும். விதைப்பிடிப்போ தேனீக்களின் கையில். சான்றுக்கான கட்டணம், கலவன் நீக்கும் கூலி, சுத்திகரிப்புச் செலவு இவற்றைச் சேர்த்தபின் சந்தை விதையின் விலையே கிடைக்குமாயின் அவர் சான்றை நாடமாட்டார். சான்று பெறுவது சட்டப்படி கட்டாயமுமன்று. 2021-இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம் தரமான தீவன விதை உற்பத்திக்குக் கிலோ அளவில் ஊக்கத்தொகை வழங்க முன்வந்தது, இந்த இடைவெளியை உணர்ந்த செயலாகும்.

ஊக்கத்தொகையால் மட்டும் தீராத ஒரு இடர் காலக்கெடுவில் உள்ளது. சான்று விதை அட்டை சோதனை நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்குச் செல்லும். மறுசோதனையில் தேறினால் மேலும் ஆறு மாதம். கோடையில் அறுவடையான விதை, சுத்திகரித்துச் சோதித்து மூட்டையாவதற்கு மழைக்காலம் ஆகிறது. விதைப்புப் பருவம் அக்டோபர், நவம்பர். ஆக, ஒரு முழு விற்பனைப் பருவமே கைக்கு எட்டுகிறது. அதில் விற்காத சரக்கு மறுசோதனைச் செலவோடும் கிடங்கு வாடகையோடும் அடுத்த ஆண்டைக் காத்திருக்கிறது. தானிய விதையானால் ஆலைக்கு விற்றுப் பாதிப் பணத்தையாவது மீட்கலாம். குதிரைமசால் விதையை உண்பார் இல்லை. விதை நிறுவனங்கள் தீவன விதையைக் குறைந்த அளவிலேயே உற்பத்தி செய்வதற்கு இதுவே பெரிய காரணம். மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் தன் உறுப்பினர்களின் தேவையைத் திரட்டி, ரகத்தின் பெயரையும் அளவையும் குறித்து ஓராண்டுக்கு முன்பே எழுத்துமூலம் தெரிவித்து முன்பணமும் செலுத்துமாயின், இந்த இடர் விதை விளைவிப்பவரின் தோளிலிருந்து இறங்கும். பாலின் விலையில் சில காசுகளைத் தீவன அபிவிருத்திக்கெனப் பிடித்து வைக்கும் ஒன்றியங்களுக்கு இது புதுச் செலவாகாது.